முப்பத்தாறு கார்களும் ஒரு சாண் மாதிரியும்

ஸ்பெயின் நாட்டின் அலிகாந்தே நகரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்துரிமை அலுவலகம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு அங்கே ஒரு வழக்கில் முடிவு வந்தது. ஃபெராரி நிறுவனம் தன் 250 ஜிடிஓ காரின் உடல் வடிவத்தையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்து வைத்திருந்தது. அதே சாயலில் புதிதாகக் கார் செய்யத் திட்டமிட்ட மொடேனா நகர நிறுவனம் ஒன்று, அந்தப் பதிவை ரத்து செய்யக் கோரி மனுப் போட்டது. பதிவு செய்த சின்னத்தை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டால், கேட்பவர் கேட்டால் அது பறிபோகும் என்பது ஐரோப்பியச் சட்டம். ஃபெராரி கடைசியாக ஜிடிஓ செய்தது 1964இல். ஆகவே, கார் என்ற இனத்தில் இந்தப் பதிவு இனி இல்லை என்று அலுவலகம் சொல்லிவிட்டது. ஒரே இனத்தில் மட்டும் சின்னம் உயிரோடு இருப்பதாக ஒப்புக்கொண்டது. அது பொம்மைக் கார்கள், அதாவது அளவு குறைத்துச் செய்த மாதிரிகள்.

கோடிகளில் கைமாறும் ஒரு காரின் சின்னப் பதிவு, கடைசியில் ஒரு சாண் நீள மாதிரியைப் பிடித்துக்கொண்டு நின்றது. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அந்தக் காரின் கதையை முதலிலிருந்து பார்த்தால், அதன் உருவத்தை அறுபது ஆண்டுகளாக மக்கள் கண்ணில் நிலைநிறுத்தியதில் மாதிரிகளுக்குப் பெரும் பங்கு இருப்பது புரியும். அசலை அருகில் நின்று கண்டவர்கள் குறைவு. மாதிரியைக் கையில் எடுத்தவர்கள் அதைப் போல எத்தனையோ மடங்கு.

கதை 1961இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மார்ச் மாதம் ஜெனீவா கண்காட்சியில் இங்கிலாந்தின் ஜாகுவார் ஈ-டைப் அறிமுகமானது. நீண்ட மூக்கு, வழுக்கிச் செல்லும் உடல், நம்ப முடியாத குறைந்த விலை. மரனெல்லோவில் இருந்த தொழிற்சாலையில் நிறுவனர் என்ட்ஸோ ஃபெராரிக்கு அது கவலையைக் கொடுத்தது. சாலையிலும் ஓட்டத்தக்க ஜிடி வகைக் கார்களின் பந்தயங்களில் அப்போது அவருடைய 250 ஜிடி எஸ்டபிள்யூபி கார்தான் வென்றுகொண்டிருந்தது. ஆனால் அதன் முகம் மழுங்கலானது. நேர்ச்சாலையில் வேகம் ஒரு கட்டத்தைத் தாண்டியதும் காற்று முன்னே நின்று தடுத்தது, முன்பக்கம் மேலே தூக்கியது. ஜாகுவார் பந்தயத் தடத்துக்கு வருவதற்குள் மாற்று வேண்டும். அந்தப் பொறுப்பு ஜோட்டோ பிட்ஸாரினி என்ற பொறியாளரிடம் வந்தது.

லிவோர்னோ பக்கத்துக் கடலோர ஊர்க்காரரான பிட்ஸாரினி, பைசா பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஆல்ஃபா ரோமியோவில் வேலை பார்த்துவிட்டு 1957இல் ஃபெராரிக்கு வந்தார். அவருக்குக் கிடைத்தது புதுக் கார் வரைவதற்கான வெற்றுத் தாள் அல்ல. எஸ்டபிள்யூபியின் 2,400 மில்லிமீட்டர் சக்கர இடைவெளியை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். அதன் மறுபதிப்பு என்று சொல்லும்படி இருக்க வேண்டும். ஆனால் அதை விட வேகமாக ஓட வேண்டும். பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற டெஸ்டா ரோஸா காரின் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினை எடுத்தார். மொத்தக் கொள்ளளவு 2,953 கன சென்டிமீட்டர். ஒரு சிலிண்டருக்குக் கிட்டத்தட்ட 250. காரின் பெயரில் உள்ள எண் அதுதான். மேலே ஆறு வெபர் கார்பரேட்டர்கள், சுமார் 300 குதிரைத் திறன். இந்த எஞ்சினில் ஆயில் அடித்தொட்டியில் தேங்காது, தனித் தொட்டிக்குப் போய்விடும். அதனால் எஞ்சினைத் தரைக்கு நெருக்கமாகத் தாழ்த்தி, பின்னால் தள்ளி வைக்க முடிந்தது. எஞ்சின் தாழ்ந்ததால் பானெட்டும் தாழ்ந்தது. இன்று உலகம் அழகு என்று கொண்டாடும் அந்தத் தாழ்ந்த மூக்கு, ஆயில் தொட்டியை இடம் மாற்றியதில் கிடைத்தது.

பைசா பல்கலைக்கழகத்தின் காற்றுச் சுரங்கத்தையும் பிட்ஸாரினி பயன்படுத்திக்கொண்டார். 1961 செப்டம்பரில் மொன்சா தடத்தில் சோதனை வண்டி ஓடியது. ஓட்டியவர்களில் பிரிட்டனின் பந்தய வீரர் ஸ்டெர்லிங் மாஸ் ஒருவர். ஒட்டுப்போட்ட தகடுகளும் கூர்நீள மூக்குமாக இருந்த அந்த வண்டியை யாரும் அழகு என்று சொல்லவில்லை. வாத்து என்றும் எறும்புத்தின்னி என்றும் பட்டப்பெயர்தான் கிடைத்தது.

பிறகு வேலை பாதியில் நின்றது. 1961 இலையுதிர் காலத்தில் ஃபெராரியின் மூத்த அதிகாரிகள் பலர் ஒரே நேரத்தில் வெளியேறினார்கள். முதலாளியின் மனைவி லாரா ஃபெராரி தொழிற்சாலை விவகாரங்களில் தலையிடுவது பிடிக்காமல் அவர்கள் கூட்டாகக் கடிதம் எழுதினார்கள்; என்ட்ஸோ ஃபெராரி அத்தனை பேரையும் வாசலுக்கு வெளியே நிறுத்தினார். தலைமைப் பொறியாளர் கார்லோ கீட்டி போனார், அணி மேலாளர் ரோமோலோ தாவோனி போனார், பிட்ஸாரினியும் போனார். எஞ்சியவர்களில் மௌரோ ஃபோர்கியெரி என்ற பொறியாளருக்கு வயது 26. தொழில்நுட்பப் பொறுப்பு முழுவதும் அவர் தலையில் வந்து விழுந்தது. பின் அச்சு பக்கவாட்டில் ஆடாமல் கட்டுப்படுத்தும் வாட் இணைப்பு உள்ளிட்ட திருத்தங்களைச் செய்து, காரை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தவர் அவர். உருவாக்கியவர் ஒருவர், முடித்தவர் வேறொருவர். இரண்டு பேருக்கும் சமமாகவே புகழ் சேர வேண்டும்.

உடலைச் செய்தவர் மூன்றாவது ஆள். மொடேனாவில் செர்ஜோ ஸ்காலியெட்டியின் பட்டறை. பதின்மூன்று வயதிலேயே வேலைக்கு வந்துவிட்ட ஸ்காலியெட்டி, வரைபடம் வைத்துக்கொண்டு வேலை செய்யும் பழக்கமில்லாதவர். நம்மூர் ஒர்க்‌ஷாப்களில் டிங்கரிங் என்று சொல்லும் வேலையின் உச்சம் அவர் கையில் இருந்தது. இரும்புக் கம்பிகளை வளைத்துப் பற்றவைத்து, காரின் உருவத்தில் ஒரு கூடு செய்துகொள்வார்கள். மணல் நிரப்பிய தோல் பையின் மேல் அலுமினியத் தகட்டை வைத்துச் சுத்தியலால் தட்டி, அந்தக் கூட்டின் மேல் பொருத்திப் பார்ப்பார்கள். சரியாக உட்காரும்வரை தட்டுவார்கள். துண்டு துண்டாகச் செய்து, பற்றவைத்து, அரத்தால் இழைத்துச் சமன் செய்வார்கள்.

இப்படிச் செய்த கார்கள் ஒன்றைப் போல ஒன்று இருக்காது. ஒரே காரின் இடது பக்கமும் வலது பக்கமும்கூட முழுக்க ஒத்துப்போகாது. முதல் கார்களில் வால்முனையின் காற்றுத்தடுப்பு தனித் துண்டாகச் செய்து பொருத்தப்பட்டது. பின்னால் வந்தவற்றில் அது உடலோடு சேர்ந்தே உருவானது. 1962 பிப்ரவரி 24 அன்று பத்திரிகையாளர்களுக்குக் காட்டப்பட்ட முதல் காரிலோ அந்தத் தடுப்பே கிடையாது. முன் சக்கரத்துக்குப் பின்னால் சூடான காற்று வெளியேறும் பிளவுகள் சில கார்களில் இரண்டு, சிலவற்றில் மூன்று. மூக்கில் அரைவட்டமாக மூன்று துளைகள், அவற்றுக்குக் கழற்றி மாட்டும் மூடிகள். குளிர் நாளில் மூடி வைப்பார்கள், வெயில் நாளில் கழற்றிவிடுவார்கள். இந்த மூன்று அரைவட்டங்களைப் பார்த்துத்தான் சின்னப் பிள்ளைகூட இந்தக் காரை அடையாளம் சொல்லும்.

ஜிடிஓ என்ற மூன்றெழுத்தில் கடைசி எழுத்து, பந்தயத்துக்கு அனுமதி பெற்றது என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லின் முதலெழுத்து. அந்த அனுமதிதான் இந்தக் காரின் பெரிய சர்ச்சை. ஜிடி பிரிவில் ஓட வேண்டுமானால் பன்னிரண்டு மாதத்துக்குள் 100 கார்கள் செய்திருக்க வேண்டும் என்பது சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் விதி. ஃபெராரி செய்தது மொத்தமே 36. 1962, 63 வடிவில் 33. 1964 வடிவில் 3. நான்கு லிட்டர் எஞ்சின் பொருத்திய மூன்று சகோதரக் கார்களையும் சேர்த்தால் 39. இது புதிய கார் அல்ல, ஏற்கெனவே அனுமதி பெற்ற எஸ்டபிள்யூபியின் மேம்பட்ட வடிவம் என்று ஃபெராரி வாதிட்டார்; கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது. எஞ்சினும் சக்கர இடைவெளியும் எஸ்டபிள்யூபி வழியில் வந்தவை என்பதால் அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை இருந்தது. உடலும் கியர் பெட்டியும் எடையும் வேறு என்பதால் அதிகம் இல்லை. இந்த விட்டுக்கொடுப்பு இல்லாமல் போயிருந்தால், ஃபெராரி இன்னும் 64 கார்கள் செய்திருப்பார், அல்லது ஒன்றுமே செய்திருக்க மாட்டார். இரண்டு வழியிலும் இன்றைய ஜிடிஓ என்ற அரிய பொருள் பிறந்திருக்காது.

களத்தில் அது தன்னை நிரூபிக்க நாளாகவில்லை. 1962 மார்ச் 24 அன்று அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயம். முந்தைய ஆண்டின் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் பில் ஹில்லும் பெல்ஜியத்தின் ஒலிவியே ஜாந்தெபியெனும் ஓட்டிய ஜிடிஓ, மொத்தத்தில் இரண்டாவதாகவும் தன் பிரிவில் முதலாவதாகவும் வந்தது. அதே ஆண்டு லெ மானில் 19ஆம் எண் தாங்கிய ஜிடிஓ மொத்தத்தில் இரண்டாம் இடம், 22ஆம் எண் மூன்றாம் இடம். 1963லும் லெ மானில் இரண்டாம் இடம். இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட ஜிடி பிரிவில் 1962, 1963, 1964 மூன்று ஆண்டுகளும் உற்பத்தியாளர் பட்டம் ஃபெராரிக்கே. பிரான்ஸ் முழுவதையும் சுற்றி வரும் டூர் தெ பிரான்ஸ் கார் பந்தயத்தை 1963லும் 1964லும் வென்றது.

கடைசிப் பட்டத்தில் மட்டும் ஒரு கீறல் உண்டு. எஞ்சினைப் பின்னால் வைத்த 250 எல்எம் காரையும் ஜிடி என்று ஏற்கச் சொல்லி ஃபெராரி கேட்டபோது, கூட்டமைப்பு இந்த முறை மறுத்துவிட்டது. அந்தப் பிணக்கில் மொன்சா பந்தயம் பட்டியலிலிருந்து விழுந்தது. அது நடந்திருந்தால் அமெரிக்காவின் ஷெல்பி டேடோனா அணி 1964லேயே பட்டத்தைத் தட்டிப் பறித்திருக்கக்கூடும்.

ஜிடிஓவின் முதல் போட்டியாளர்களில் ஒன்றைச் செய்தவர் பிட்ஸாரினியே. வெளியேற்றப்பட்டவர்கள் தொடங்கிய புதுக் கம்பெனிக்குப் பணம் கொடுத்தவர்களில் வெனிஸைச் சேர்ந்த வோல்பி பிரபுவும் ஒருவர். அந்தக் கோபத்தில் ஃபெராரி அவருக்கு ஜிடிஓ விற்க மறுத்துவிட்டார். பிட்ஸாரினி ஒரு பழைய எஸ்டபிள்யூபியை எடுத்து, கூரையை வால்வரை நேராக நீட்டி, முனையில் வெட்டிவிட்டார். ரொட்டி விற்கும் வேன் போல இருந்ததால் பிரெட்வேன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1962 லெ மானில் ஜிடிஓக்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தபோது இயந்திரக் கோளாறால் அது நின்றுபோனது.

ஸ்டெர்லிங் மாஸுக்காக இளம்பச்சை நிறத்தில் ஒரு ஜிடிஓ தயாரானது. சேசிஸ் எண் 3505. அதைப் பந்தயத்தில் ஓட்ட அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1962 ஏப்ரல் 23 அன்று இங்கிலாந்தின் குட்வுட் தடத்தில் வேறொரு காரில் அவர் மோதி, ஒரு மாதம் நினைவின்றிக் கிடந்தார். அவருடைய பந்தய வாழ்வு அதோடு முடிந்தது. அந்தப் பச்சைக் கார் அதே குட்வுட்டில் நான்கு மாதம் கழித்து இன்னஸ் அயர்லாந்து என்ற வீரரின் கையில் டூரிஸ்ட் டிராபி பந்தயத்தை வென்றது. இன்னொரு ஜிடிஓவான 3851 எண் கார் பாரிஸ் அருகே மொன்லேரி தடத்தில், பனிச்சறுக்கில் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஆன்றி ஒரெயேயின் உயிரை 1962 அக்டோபரில் எடுத்தது.

பந்தயக் காரின் ஆயுள் குறைவு. 1965க்குப் பிறகு எஞ்சினைப் பின்னால் வைத்த கார்கள் தடத்தைப் பிடித்துக்கொண்டன. ஜிடிஓ பழைய வண்டி ஆனது. பதினெட்டாயிரம் டாலர் அளவில் விற்ற கார், 1960களின் இறுதியில் பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கியது. இந்த வீழ்ச்சிக்குச் சாட்சி 3589 எண் கார். அதன் சொந்தக்காரர் டெக்ஸாஸ் மாநிலத்தின் விக்டோரியா நகர உயர்நிலைப் பள்ளிக்கு அதைத் தானமாகக் கொடுத்தார், மாணவர்கள் மெக்கானிக் வேலை பழகட்டும் என்று. 1972இல் பள்ளி அதை 6,500 டாலருக்கு விற்றது. வாங்கியவர் ஒஹாயோவில் திறந்தவெளியில் டிரெய்லர் மேலேயே நிறுத்திவைத்தார். மழையிலும் பனியிலும் வருடக்கணக்கில் கிடந்தது. பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் டிரம் வாசிப்பவர் நிக் மேசன் 1977இல் தன் ஜிடிஓவைச் சுமார் 37,000 பவுண்டுக்கு வாங்கினார். லெ மானில் மூன்றாவதாக வந்த அந்த 22ஆம் எண் கார்தான் அது.

பிறகு விலை ஏறியது, நிற்கவில்லை. 2014இல் 3851 எண் கார் ஏலத்தில் 3 கோடியே 81 லட்சம் டாலருக்குப் போனது. 2018இல் 3413 எண் கார் 4 கோடியே 84 லட்சம். அதே ஆண்டு ஏலத்துக்கு வெளியே ஒரு ஜிடிஓ ஏறக்குறைய 7 கோடி டாலருக்குக் கைமாறியதாகச் செய்தி வந்தது. 2023 நவம்பரில் நான்கு லிட்டர் எஞ்சினோடு பிறந்த சகோதரக் கார் நியூயார்க்கில் 5 கோடியே 17 லட்சம். செய்த கார்கள் ஏறக்குறைய அனைத்தும் இன்றும் இருக்கின்றன. பெரும்பாலும் பூட்டிய கூடங்களுக்குள்.

இந்த இடத்தில்தான் மாதிரிகளின் வரலாறு முக்கியமாகிறது.

இத்தாலியப் பந்தயக் காருக்கு மாதிரி செய்யும் வழக்கம் ஜிடிஓவுக்கு வெகு முன்பே தொடங்கியது. ஆல்ஃபா ரோமியோவுக்காக விட்டோரியோ யானோ வடிவமைத்த பி2 கார் 1925இல் முதல் உலகப் பட்டத்தை வென்றது. அந்தக் காரை பிரான்ஸின் சிஐஜே பொம்மை நிறுவனம் பத்தில் ஒரு பங்கு அளவில் தகரத்தில் செய்து விற்றது. நீளம் அரை மீட்டருக்கும் மேல், சாவி கொடுத்தால் ஓடும். அசல் பி2 விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் செய்யப்பட்டது. அந்தத் தகரக் கார் இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் பழம்பொருள். 43இல் ஒரு பங்கு என்ற விநோத அளவு ரயில் பொம்மைகளிலிருந்து வந்தது: ஓ கேஜ் ரயில் தடத்தின் பக்கத்தில் வைக்கப் பொருத்தமாக 1930களில் டிங்கி போன்ற கம்பெனிகள் சின்னக் கார்கள் செய்தன, அதுவே நிரந்தர அளவாகிவிட்டது. அந்தக் கால வார்ப்புகளில் துத்தநாகத்தோடு ஈயம் கலந்துவிட்டால், சில பத்தாண்டுகளில் உலோகம் உள்ளுக்குள் வெடித்துப் பொடிந்துபோகும். சுத்தமான துத்தநாகத்தில் நான்கு சதவீதம் அளவில் அலுமினியம் சேர்த்த ஸமாக் கலவை வந்த பிறகுதான் சின்னக் கார்களுக்கு நீண்ட ஆயுள் வாய்த்தது.

ஜிடிஓவை வீடுகளுக்குள் கொண்டுபோனது பூராகோ. மிலான் அருகே புராகோ தி மொல்கோரா என்ற ஊரில் பெஸானா சகோதரர்கள் 1974இல் தொடங்கிய கம்பெனி அது. ஊர்ப் பெயருக்கு முன்னால் தங்கள் குடும்பப் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். பதினெட்டில் ஒரு பங்கு என்ற அளவைச் சாமானியர் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள். 1980களில் அவர்களுடைய சிவப்பு ஜிடிஓ கடைகளுக்கு வந்தது. கதவு திறக்கும், பானெட் திறக்கும், ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன் சக்கரம் திரும்பும். கம்பிச் சக்கரம் பிளாஸ்டிக்தான், கதவு இடைவெளி தாராளம்தான். ஆனால் மூன்று அரைவட்டத் துளைகளும் வெட்டிய வாலும் அப்படியே இருந்தன. அசல் ஒவ்வொன்றாகப் பணக்காரர்களின் கூடங்களுக்குள் மறைந்துகொண்டிருந்த அதே பத்தாண்டில், அந்த உருவம் உலகம் முழுக்கப் பொம்மைக் கடைகளில் பரவியது.

1999 வாக்கில் ஃபெராரி மாதிரி செய்யும் உரிமை அமெரிக்காவின் மேட்டலுக்குப் போனது. பூராகோவின் அடித்தளமே ஆட்டம் கண்டது. சீனாவில் செய்த மலிவான மாதிரிகளின் போட்டியும் சேர, 2005இல் கம்பெனியை மூடினார்கள். மாய்ஸ்டோ என்ற மாதிரிக் கார் பெயருக்குச் சொந்தக்காரர்களான ஹாங்காங் குழுமம் பூராகோ பெயரை வாங்கியது. 2015 முதல் ஃபெராரி உரிமை மறுபடி பூராகோ பெயருக்குத் திரும்பியது. தொழிற்சாலைதான் இத்தாலியில் இல்லை. பிள்ளைகளுக்கு இத்தாலியத் தொழில்திறனை அறிமுகம் செய்த ஒரு பட்டறை இத்தாலியிலேயே பிழைக்க முடியாமல் போனது வருத்தமான விஷயம்.

இன்னொரு முனையில் கைவினை மாதிரிகள் வளர்ந்தன. ஜப்பானின் கியோஷோ பதினெட்டில் ஒரு பங்கு ஜிடிஓவைப் பூராகோவை விடப் பல மடங்கு நுணுக்கமாகச் செய்தது. ஜெர்மனியில் 1995இல் தொடங்கிய சிஎம்சி அதையும் தாண்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உதிரிகளைக் கையால் பொருத்திச் செய்வது அவர்கள் வழக்கம். சக்கரத்தின் ஒவ்வொரு எஃகுக் கம்பியையும் அச்சாணிக் குடத்திலிருந்து விளிம்புவரை தனித்தனியாகக் கோத்து, முனையில் திருகு மரை வைக்கிறார்கள். அசல் காரின் போரானி கம்பிச் சக்கரத்தைக் கோக்கும் முறையும் அதேதான்.

இந்த அளவில் ஒரு ஜிடிஓ 24 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் அகலம், 7 சென்டிமீட்டருக்கும் குறைவான உயரம். கணக்குப் போட்டுப் பார்த்தால் கைவினைஞரின் சங்கடம் புரியும். மாதிரியில் கதவோரத்தில் ஒரு மில்லிமீட்டர் சந்து விட்டால், அசலில் அது 18 மில்லிமீட்டர் சந்துக்குச் சமம், விரல் நுழையும். பெயின்ட் கொஞ்சம் தடித்தாலும் வளைவின் கூர்மை போய்விடும். பானெட்டைத் திறந்தால் இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கு நடுவே ஆறு கார்பரேட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு காற்று வாய். பன்னிரண்டு குழல் வாய்களும் பட்டாணியை விடச் சிறியவை, அத்தனையும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். உள்ளே நீலத் துணி போர்த்திய இருக்கைகள், கியர் தண்டு நகரும் திறந்த உலோகச் சட்டம், மர விளிம்பு வைத்த மூன்று கை ஸ்டீயரிங், அதற்கு நேர் எதிரே எஞ்சின் சுழற்சி காட்டும் பெரிய வட்ட மீட்டர். பந்தயத்துக்கான வண்டி என்பதால் அந்தச் சுழற்சி மீட்டருக்குத்தான் முதலிடம்.

இதையெல்லாம் விடக் கடினமான கேள்வி: எந்த ஜிடிஓ? 36இல் இரண்டு ஒன்றுபோல் இல்லை என்பதால், ஜிடிஓ என்று பொதுவாக ஒரு மாதிரி செய்தால் அது எந்தக் காருமாக இருக்காது. நல்ல மாதிரிக்காரர் ஒரு சேசிஸ் எண்ணைத் தேர்ந்தெடுப்பார். அது மட்டும் போதாது, ஒரு தேதியையும் தேர்ந்தெடுக்க வேண்டும். 3413 எண் காரை எடுத்துக்கொள்ளலாம். 1962 மே மாதம் சிசிலியின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்துக்கு பில் ஹில் அதைப் பயிற்சிக் காராக ஓட்டினார். பிறகு எடோர்டோ லுவால்டி அதே காரில் அந்த ஆண்டின் இத்தாலிய ஜிடி பட்டத்தை வென்றார். அப்போது அதற்கு முதல் வடிவ உடல். பிறகு ஸ்காலியெட்டி பட்டறையே அதற்கு 1964 வடிவ உடலை மாட்டியது. ஏலத்தில் போனது அந்த உடலோடுதான். 1962இல் பட்டம் வென்ற தோற்றத்தை இன்று அசலில் பார்க்க முடியாது. மாதிரியில் பார்க்கலாம்.

பந்தயக் கார் ஒவ்வொரு மோதலிலும் தகடு மாற்றும், எஞ்சின் மாற்றும், நிறம் மாற்றும். அறுபது ஆண்டுக்குப் பிறகு சீரமைப்பவர் அதை ஏதோ ஒரு நாளின் நிலைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறார். மற்ற நாட்கள் அழிந்துபோகின்றன. 1962 ஜூனில் லெ மானில் 19ஆம் எண் கார் நின்ற கோலம், எந்த விளக்கு எங்கே, எந்த மூடி கழற்றியிருந்தது, எண் வட்டம் எத்தனை பெரியது என்பதையெல்லாம் பழைய புகைப்படங்களிலிருந்து தேடி எடுத்து நிலைநிறுத்தும் மாதிரி, சரித்திர ஆவணத்துக்குச் சமம். இந்த உழைப்பைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது நியாயம் அல்ல.

முழு அளவுப் போலிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஜிடிஓ விலை உயர்ந்ததும், அதே காலத்து 250 ஜிடிஇ என்ற நான்கு இருக்கைக் காரைப் பிரித்து, சேசிஸைக் குறுக்கி, ஜிடிஓ உடல் போர்த்தும் தொழில் தொடங்கியது. ஜிடிஇ ஏறக்குறைய 950 செய்யப்பட்டது. ஃபெராரிக்கு நிலையான வருமானம் கொடுத்த கண்ணியமான குடும்பக் கார் அது. அவற்றில் பல இப்படிப் பலியாயின. ஒரு அசலை அழித்து ஒரு நகல் செய்வது, எத்தனை திறமையோடு செய்தாலும், இழப்புதான்.

2019இல் பொலோனியா நீதிமன்றம் 250 ஜிடிஓவின் வடிவத்தை ஒரு கலைப்படைப்பு என்று அங்கீகரித்தது. கார் ஒன்றுக்கு இத்தாலியில் அப்படிப்பட்ட தகுதி கிடைத்தது அதுவே முதல் முறை. கம்பிக்கூட்டின் மேல் கையால் தட்டிச் செய்த அலுமினிய உடலுக்கு அந்தத் தகுதி உண்டு என்பதில் சந்தேகமில்லை. தீர்ப்பைக் கேட்க ஸ்காலியெட்டி இல்லை, 2011இலேயே மறைந்துவிட்டார். ஃபோர்கியெரி 2022 நவம்பரிலும் பிட்ஸாரினி 2023 மே மாதத்திலும் காலமானார்கள், இருவரும் கேட்டிருப்பார்கள்.

மாதிரி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விலையைப் பார்ப்பதற்கு முன், தயாரிப்பாளர் சேசிஸ் எண்ணையும் பந்தயத்தின் பெயரையும் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். சொல்லியிருந்தால், அந்தக் காரின் அந்த நாள் புகைப்படத்தைத் தேடி எடுத்து, பக்கப் பிளவு இரண்டா மூன்றா, வால் தடுப்பு தனியா சேர்ந்ததா, மூக்கு மூடிகள் இருந்தனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.